விலை உயர்ந்த மட்டையும் விளிம்பில் பட்ட பந்தும்

கிரிக்கெட் மட்டைக்கு எவ்வளவு பணம் கொடுப்பது தகும் என்னும் வினாவை நம் அறிஞர் உலகம் இதுநாள்வரை விளையாட்டுச் சாமான் கடைக்காரர்களின் பொறுப்பிலேயே விட்டுவைத்திருக்கிறது. பழங்காசில் பொறித்த யானை இடப்பக்கம் பார்க்கிறதா வலப்பக்கம் பார்க்கிறதா என்பதற்குக் கருத்தரங்கு கூட்டிப் பொன்னாடை போர்த்திக்கொள்பவர்கள், 3,000 ரூபாய் மட்டையும் 50,000 ரூபாய் மட்டையும் ஒரே நீளத்தில், ஒரே அகலத்தில் அடுத்தடுத்துத் தொங்குவதைக் கண்டும் காணாதவர்களாய்க் கடைத்தெருவைக் கடந்து போகிறார்கள். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்வோம். தோல் பந்தில் ஆடுகிற, சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கிற, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை அணிகிற ஆட்டக்காரரே நம் ஆய்வுக்குரியவர். டென்னிஸ் பந்து அடிப்பதற்காக அரை லட்சத்துக்கு இங்கிலீஷ் வில்லோ வாங்குபவர் இவ்வெல்லைக்குள் வரமாட்டார். அவரை ஆராய வேண்டிய துறை வேறு. கருதுகோளையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்: விலை உயர்ந்த மட்டை நல்ல அடிக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை, கெட்ட அடிக்குத்தான் உதவுகிறது. ஆகவே அதன் பெறுமானத்தை ரன்னைக் கொண்டு அளப்பது தவறு. வாங்குகிறவரின் பிழையைக் கொண்டு, அதுவும் சென்டிமீட்டர் கணக்கில், அளக்க வேண்டும்.

பணத்தால் எதை வாங்க முடியாது என்பதிலிருந்து தொடங்குவோம். பெரிய மட்டையை வாங்க முடியாது. அந்த வாசல் 1771-ஆம் ஆண்டிலேயே சாத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஹாம்பிள்டன் அணிக்கு எதிராகச் சர்ட்சி அணியில் ஆட வந்த தாமஸ் ஒயிட், விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டுவந்து நின்றார். விதிகளில் அதற்குத் தடை ஏதும் இல்லை. பந்து வீசியவர்களுக்குத்தான் வழி ஏதும் இல்லை. ஆட்டம் முடிந்த கையோடு ஹாம்பிள்டன்காரர்கள் உட்கார்ந்து, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாலேகால் அங்குலம், அதாவது 10.8 சென்டிமீட்டர், இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இடையில் எத்தனையோ பேரரசுகளின் எல்லைக்கோடுகள் மாறிவிட்டன, இது மாறவில்லை. பின்னால் நீளத்துக்கு 38 அங்குலம் என்று வரம்பு வந்தது. 2017 அக்டோபர் 1 முதல் விளிம்பின் தடிமன் 4 செ.மீ., முதுகுத் திரட்சியையும் சேர்த்து மொத்த ஆழம் 6.7 செ.மீ. என்று மிச்சமிருந்த சந்துகளும் அடைக்கப்பட்டன. எடைக்கு மட்டும் வரம்பு எழுதவில்லை. தூக்குகிறவரின் தோள்மூட்டு அதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார்கள் போலும்.

வேறு பொருளால் ஆன மட்டையையும் வாங்க முடியாது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கினார். பந்து சேதமாகிறது என்று இங்கிலாந்துத் தலைவர் மைக் பிரியர்லி முறையிட்டார். லில்லியின் சொந்தத் தலைவரான கிரெக் சாப்பலுக்கோ மனக்குறை வேறு விதமானது: நேரே அடித்த பந்து மூன்று ரன்னோடு நின்றுவிட்டதே, மரமாக இருந்தால் நாலுக்குப் போயிருக்குமே என்பது. கடைசியில் லில்லி அந்த மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மர மட்டையை வாங்கிக்கொள்ள, அலகு முழுதும் மரமாகவே இருக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. ரிக்கி பாண்டிங் மட்டையின் முதுகில் ஒட்டியிருந்த கிராஃபைட் பட்டையும் 2006-இல் இதே வழியில் வெளியேறிற்று. இவற்றைவிட ஆய்வுச் சுவை மிக்கது மூங்கில் வழக்கு. 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூங்கிலை ஒட்டிச் செய்த மட்டை வில்லோவைவிட வலுவானது, பந்து நன்றாக ஏறும் பரப்பும் அதில் கூடுதல் என்று கட்டுரை வெளியிட்டார்கள். விதிகளின் காவலரான லண்டன் எம்.சி.சி., அலகு மரத்தால் ஆக வேண்டும், மூங்கிலோ புல், ஆகவே விதியை மாற்றாமல் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இருக்காது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியத்து மரபியல் வகுத்து நெடுங்காலம் ஆகிறது. இவ்விஷயத்தில் எம்.சி.சி. தொல்காப்பியர் பக்கம் நிற்கிறது. தெரிந்து நிற்கிறதா என்பது தனி ஆய்வுக்குரியது. நம் ஊர்ப் பிள்ளைகள் காசில்லாமல் வெட்டியெடுத்து ஆடும் தென்னை மட்டையும் பனை மட்டையும்கூட இதே தீர்ப்பால் தள்ளுபடி ஆகின்றன. தென்னையும் பனையும் அந்த மரபியற் கணக்கில் புல்தான்.

ஆக, பணம் புகுவதற்கு விதிகள் விட்டுவைத்தவை மரத்தின் தரம், அளவுக்குள் மரத்தைப் பரப்பும் விதம், மேலே ஒட்டும் ஸ்டிக்கர் ஆகியவை மட்டுமே. மரத்தை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த மட்டைகள் எல்லாம் வெள்ளை வில்லோவின் ஒரே ஒரு வகையிலிருந்து வருகின்றன. இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபோக் பகுதிகளின் ஈரநிலங்களில் அது வளர்கிறது. 15 முதல் 20 ஆண்டு வளர்ந்தபின் வெட்டி, ஆப்பு வடிவில் பிளந்து, காயவைத்து அனுப்புகிறார்கள். 1894-இல் தொடங்கிய ஜே.எஸ்.ரைட் என்னும் எசெக்ஸ் நிறுவனம் உலகத் தேவையின் பெரும்பங்கைத் தருகிறது. துண்டுகள் இங்கிலாந்துப் பட்டறைகளுக்குப் போகின்றன; மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் சியால்கோட்டுக்கும் போகின்றன. பிரிவினைக்கு முன் சியால்கோட்டில் மட்டை செதுக்கிய குடும்பங்கள் பல 1947-க்குப் பின் ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்று ஒரே கைத்திறன், ஒரே எசெக்ஸ் மரம். ஒரு மரத்தின் இரண்டு துண்டுகள் இரண்டு கம்பெனிகளுக்குப் போய், இரண்டு பெயர் பூண்டு, இரண்டு விலைக்கு விற்பதைத் தடுக்க உலகில் எந்தச் சக்தியும் இல்லை.

அத்துண்டுகளைத் தரம் பிரிக்கும் முறையை ஆராயும்போது ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வது நல்லது. பந்தை மோதவிட்டு, துள்ளலை அளந்து பிரிக்கிறார்கள் என்று வெளியார் நினைக்கக்கூடும். அப்படியில்லை. கண்ணால் பார்த்துப் பிரிக்கிறார்கள். வரிகள் நேராக ஓட வேண்டும். மச்சம், மறு, கறை, முடிச்சு கூடாது. நிறம் வெளுப்பாக இருக்க வேண்டும். பழுதில்லாத முகம் முதல் தரம். ஓரிரு மறு இருந்தால் இரண்டாம் தரம். கறை பெருகினால் மூன்று, நான்கு. அனுபவமுள்ள மட்டைத் தச்சர்களைக் கேட்டால் மூன்றாம் தரத்துத் துண்டு முதல் தரத்தைவிட நன்றாக அடிப்பதுண்டு என்று தயங்காமல் சொல்வார்கள். ஆனால் அதற்காக மூன்றாம் தரத்துக்கு விலையை ஏற்றியவர் எவருமில்லை. முகத்தில் ஓடும் வரி ஒவ்வொன்றும் மரத்துக்கு ஓராண்டு. வரி நெருங்கி மிகுந்திருந்தால் மரம் மெதுவாக, நெடுநாள் வளர்ந்தது என்று பொருள். அத்தகைய மட்டை வாங்கிய நாளிலேயே நன்றாக அடிக்கும், சீக்கிரம் ஓய்ந்தும் போகும். வரி அகன்ற மட்டை பழகச் சில மாதம் எடுத்து, பிறகு நெடுநாள் உழைக்கும் என்பது தொழிலில் வழங்கும் கூற்று. வாங்குபவரோ வரியை எண்ணி, வரிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறார். அதாவது ஆயுள் குறைந்த பொருளுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, அதன் ஆயுளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்.

நடுநிலை தவறாமல் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அனந்தநாக் பக்கம் சங்கம், பிஜ்பெஹாரா ஊர்களின் நெடுஞ்சாலையோரம் அடுக்கடுக்காக மட்டைக்கட்டைகள் காயும் காஷ்மீர் வில்லோவைவிட இங்கிலீஷ் வில்லோ பொதுவாக எடை குறைந்தது, துள்ளல் மிகுந்தது. ஆகவே 3,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய்க்குத் தாவும்போது வாங்குபவர் உண்மையாகவே மரத்தை வாங்குகிறார். 12,000-லிருந்து 50,000-க்குப் போகும்போது வாங்குவதில் பெரும்பகுதி மச்சமின்மையும் ஸ்டிக்கரும்தான். முன்னதைச் சொன்னோம். பின்னதைப் பார்ப்போம்.

ஸ்டிக்கர் இயலில் நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பொன்னானவை. உலகின் மிகப் புகழ்பெற்ற மட்டை ஸ்டிக்கர் எது என்று கேட்டால், ஒரு தலைமுறையே எம்.ஆர்.எஃப். என்று சொல்லும். டெண்டுல்கர், லாரா, ஸ்டீவ் வா, பிறகு கோலி என்று எத்தனையோ பேரின் மட்டையில் அது சிவப்பாக நின்றது. அந்த நிறுவனம் 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கி, பின் டயருக்கு மாறி உலகப் பெயர் பெற்றது. லாரி டயருக்குப் பெயர்போன ஒரு பெயர் மட்டையின் மீது ஏறியதும், பையன்கள் டயரை விட்டுவிட்டு மட்டையைத் தேடினார்கள். இன்னும் கூர்மையான சான்று 1996 உலகக் கோப்பை. அத்தொடரில் 523 ரன் எடுத்து எல்லாரையும் முந்திய டெண்டுல்கரின் மட்டையில் ஸ்டிக்கரே இல்லை. வெறும் மரம். எம்.ஆர்.எஃப். அதற்குப் பிறகுதான் வந்தது. ஆய்வு மொழியில் சொன்னால், ஸ்டிக்கர் ரன்னுக்குக் காரணமல்ல; ரன்னே ஸ்டிக்கருக்குக் காரணம். 2019 உலகக் கோப்பையில் தோனி, தொடக்க நாட்களில் தமக்கு உதவிய கம்பெனிகளுக்கு நன்றியாக, வெவ்வேறு பெயர் ஒட்டிய மட்டைகளை மாற்றி மாற்றி எடுத்தார் என்று செய்தி வந்தது. பெயர் மாறியபோது ஆட்டம் மாறியதாக எந்த வர்ணனையாளரும் சொல்லவில்லை. பெரிய ஆட்டக்காரர்களில் பலர் தமக்குப் பிடித்த தச்சரிடம் மட்டை செய்துகொண்டு, பணம் தரும் கம்பெனியின் பெயரை அதன்மேல் ஒட்டிக்கொள்வது தொழிலில் ஊரறிந்த ரகசியம். அந்தப் பெயரை நம்பிக் கடையில் பணம் கொடுப்பவர், ஆட்டக்காரர் கையில் இருந்த மட்டையின் மரத்தை வாங்கவில்லை. அதன் சட்டையை வாங்கியிருக்கிறார்.

இனி ஆய்வின் நடுப்பகுதி: வடிவியல். விதிப்படி பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ.; ஆக விட்டம் ஏறத்தாழ 7.2. மட்டை அகலம் 10.8. பந்தின் நடுவும் மட்டையின் நடுக்கோடும் ஒத்து விழுந்தால் இருபுறமும் 1.8 செ.மீ. மரம் மிஞ்சுகிறது, மனிதனுக்கு விதிகள் கொடுத்திருக்கும் சலுகை அவ்வளவே. பந்தின் நடு மட்டையின் நடுக்கோட்டிலிருந்து 5.4 செ.மீ. விலகும்வரை அது முகத்தில் படும். அதற்கு மேல் விலகினால் விளிம்பில் உரசும். 9 செ.மீ. தாண்டினால் மட்டைக்கும் பந்துக்கும் உறவில்லை. விக்கெட் கீப்பருக்கும் பந்துக்கும் உறவு தொடங்குகிறது, அல்லது ஸ்டம்புக்கும் பந்துக்கும். இந்த 9 செ.மீ. வெளிக்குள்தான் உலகின் எல்லா மட்டை விளம்பரங்களும் வாழ்கின்றன.

நடுவில் படும் பந்துக்கு விலை என்ன செய்கிறது? மோதலுக்குப் பின் பந்து போகும் வேகத்தை இயற்பியலார் எளிதாகக் கணிக்கிறார்கள்: பந்து வந்த வேகத்தில் ஒரு சிறு பங்கு, மட்டையின் வேகம் முழுவதும், அதோடு மட்டை வேகத்தின் அதே சிறு பங்கு. மரமும் எடையும் தீர்மானிப்பது அந்தச் சிறு பங்கை மட்டுமே. கணக்குக்காக அதை ஐந்தில் ஒன்று என்று கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் பந்தை 80 கி.மீ. வேகத்தில் சுழலும் மட்டை சந்தித்தால் 18-உம் 96-உம் கூடி 114 கி.மீ. வேகத்தில் பந்து போகும். மிக உயர்ந்த மட்டை அச்சிறு பங்கைப் பத்தில் ஒரு பாகம் உயர்த்திக் கொடுப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் விடை 117.4 கி.மீ. வருகிறது. மலிவு மட்டையை வைத்திருப்பவர் 80-க்குப் பதில் 83 கி.மீ. வேகத்தில் சுழற்றிவிட்டால் 117.6. அதாவது 47,000 ரூபாய் வித்தியாசத்தை மணிக்கு மூன்று கிலோமீட்டர் கைவீச்சு அழித்துவிடுகிறது. ஆறு மாதம் காலையில் எழுந்து தண்டால் எடுத்தால் அந்த மூன்று கிலோமீட்டர் வரும் என்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் சொல்வார்கள். காலையில் எழ வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனைதான் மட்டை வியாபாரத்தின் அடித்தளம்.

நடுவிலிருந்து விலகிப் படும் பந்தில்தான் விலை தன் வேலையைக் காட்டுகிறது. ஓரமாகப் படும் பந்து மட்டையைக் கைப்பிடியை அச்சாக வைத்துத் திருகுகிறது. பந்துக்குப் போக வேண்டிய வேகத்தில் ஒரு பகுதி அந்தத் திருகலில் செலவாகிறது. மரத்தை நடுவிலிருந்து விளிம்புகளை நோக்கி ஒதுக்கினால் மட்டை எளிதில் திருகாது. தடித்த விளிம்பின் தத்துவம் இதுவே. ஆனால் தடித்த விளிம்புக்கு மரம் நிறைய வேண்டும். மரம் நிறைய இருந்தும் எடை ஏறாதிருக்க வேண்டுமானால் மரம் மென்மையாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். அத்தகைய துண்டு அரிது. விலையில் நியாயமான பகுதி என்று ஒன்று உண்டானால் அது இங்கேதான் உண்டு. அதை வாங்குபவர் பெறுவது வலிமையை அன்று, மன்னிப்பை. நடுக்கோட்டிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு சென்டிமீட்டர் தவறியவருக்கு மட்டை மன்னிப்பு வழங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் தவறியவருக்கு மன்னிப்பு தேவையில்லை. பத்து சென்டிமீட்டர் தவறியவருக்கு அது கிடைக்கும் நிலையில் இல்லை.

இதிலிருந்து ஆட்டக்காரர்கள் தாமாகவே பிரிகிறார்கள். தவறாதவர் வகைக்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு டான் பிராட்மன். பௌரலில் சிறுவனாக இருந்தபோது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியவர். ஸ்டம்பின் குறுக்களவு நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. பிறகு டெஸ்டில் அவருடைய சராசரி 99.94. ஸ்டம்பின் விலையை அந்தச் சராசரியால் வகுத்துப் பார்க்கும் துணிவு எந்த மட்டைக் கம்பெனிக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அதற்கு நேர் எதிர்க்கோடியில், பந்து வரும் திசையும் மட்டை போகும் திசையும் வேறு வேறாக உள்ள ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் நிற்கிறார். அவருக்கு எந்த விலை மட்டையும் ஒன்றே; காற்றுக்கு எசெக்ஸ் தெரியாது, அனந்தநாக் தெரியாது. இருவருக்கும் நடுவில், பந்தைத் தொடுகிற, ஆனால் நடுவில் தொடாத ஒரு நடுத்தர வகுப்பு இருக்கிறது. விலை உயர்ந்த மட்டை அவர்களுக்காகவே படைக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், தவறாதவருக்குக் கம்பெனிகள் மட்டையை இலவசமாகக் கொடுத்து, அதைப் பிடிப்பதற்குப் பணமும் கொடுக்கின்றன; அந்தப் பணத்தைத் தவறுகிறவர் கட்டுகிறார். நிலவரி வசூலித்த மன்னர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வசூலித்திருப்பார்களா என்பது ஐயமே.

நடுத்தர வகுப்பாருக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 20 ஆட்டம், ஆட்டத்துக்கு 15 பந்து, மட்டைக்கு இரண்டாண்டு ஆயுள் என்று வைத்தால் 600 பந்து. 50,000 ரூபாயை வகுத்தால் பந்துக்கு 83 ரூபாய். ஆனால் நடுவில் பட்ட பந்துக்கும் முற்றும் தவறிய பந்துக்கும் இந்தச் செலவைப் பற்று வைக்க முடியாது. அவற்றுக்கு மலிவு மட்டையே போதும். மன்னிப்பு வெளிக்குள் விழும் பந்து பத்தில் ஒன்று என்று கொண்டால் 60 பந்து. பந்துக்கு 833 ரூபாய். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கொஞ்சம் கூடுதல் தூரம். கூடுதல் தூரம் என்றால் கூடுதல் ரன் என்று பாமரர் கருதுவர். களத்தில் நிற்கும் பீல்டர்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மலிவு மட்டையில் தவறாகப் பட்டு, யாருமற்ற புல்வெளியில் சோர்ந்து விழுந்திருக்க வேண்டிய பந்து, விலை உயர்ந்த மட்டையின் மன்னிப்பால் இன்னும் பதினைந்து அடி பயணம் செய்து எல்லைக்கோட்டருகே நிற்பவரின் கையில் போய் அமர்கிறது. மெலிந்த விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு முன்னே குத்தியிருக்க வேண்டியது, தடித்த விளிம்பில் பட்டு ஸ்லிப்பின் கைக்குள் வந்து சேர்கிறது. 833 ரூபாய் கொடுத்து அவுட்டாகும் வசதியை வேறு எந்த விளையாட்டும் தருவதாகத் தெரியவில்லை.

இனி மறுப்புகள். "அப்படியானால் உலகத்தரம் வாய்ந்தவர்கள் ஏன் முதல்தர மட்டையே பிடிக்கிறார்கள்?" எனின், அவர்கள் எதிர்கொள்வது மணிக்கு 140 கி.மீ.; தவறுவது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்; அந்த இரண்டு சென்டிமீட்டரில் அவர்கள் பிழைப்பு இருக்கிறது; மட்டைக்கு அவர்கள் பணமும் கொடுப்பதில்லை. அன்றியும் அவர்களிடமே எதிர்ச்சான்று உண்டு. 1996 அக்டோபர் 4 அன்று நைரோபியில் 37 பந்தில் சதம் அடித்து உலகை அதிரவைத்த ஷாகித் அஃப்ரிடி, அன்று பிடித்தது ஓசி மட்டை. டெண்டுல்கர், இதேபோல் ஒன்று சியால்கோட்டில் செய்து வாங்கித் தரும்படி வக்கார் யூனிஸிடம் கொடுத்திருந்ததை, வக்கார் பையனிடம் நீட்டினார் என்று அஃப்ரிடியே சொல்லியிருக்கிறார். இலங்கைப் பந்துவீச்சாளர்களுக்கு அன்று நடந்ததற்கு மட்டையைப் பொறுப்பாக்கலாம் என்பாரும் உளர். ஆயின் அதே மட்டையின் சொந்தக்காரர் அந்த வேகத்தில் சதம் அடித்ததில்லை. 2022 டி20 உலகக் கோப்பையில் ஐக்கிய அமீரகத்தின் பந்துவீச்சாளர் ஜுனைத் சித்திக் இலங்கைக்கு எதிராக 109 மீட்டர் சிக்ஸர் அடித்தார். அவர் கையில் இருந்தது காஷ்மீர் வில்லோ மட்டை என்று செய்திகள் வந்தன. இலங்கைக்காரர்களை ஏன் இந்த ஆய்வுச் சான்றுகள் இவ்வளவு தேடிப் பிடிக்கின்றன என்பதற்கு நம்மிடம் விடையில்லை. மாத்யூ ஹேடன் 2010 ஐ.பி.எல்.லில் சென்னை அணிக்காக, அலகு குறுகிக் கைப்பிடி நீண்ட மங்கூஸ் மட்டையால் டெல்லிக்கு எதிராக 43 பந்தில் 93 எடுத்ததை எடுத்துக்காட்டுவோர்க்கும் ஒரு சொல்: அந்த மட்டை அவ்வளவு நல்லதானால், மறுநாள் காலை எல்லாரும் அதற்கு மாறியிருக்க வேண்டும். இன்று அது பழைய காணொளிகளில் கிடைக்கும்.

"மனத்தில் தைரியம் வருமே, அதற்கு விலை இல்லையா?" என்பது மறுப்புகளில் வலியது, இதை எள்ளி ஒதுக்க முடியாது. 2011-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். கோல்ஃப் ஆடுவோர் சிலரிடம், இந்தக் கோல் ஒரு பெரிய தொழில்முறை ஆட்டக்காரருடையது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்கள். சொல்லப்பட்டவர்களின் கண்ணுக்குக் குழி பெரிதாகத் தெரிந்தது. அவர்கள் அதிகப் பந்துகளைக் குழியில் தள்ளவும் செய்தார்கள். ஆகவே நம்பிக்கை வேலை செய்கிறது. ஆனால் வேலை செய்தது நம்பிக்கை, கோல் அன்று. இதை மட்டைக்குப் பொருத்தினால், ஸ்டிக்கர் ஒன்றே போதும் என்றாகிறது. ஸ்டிக்கர் தனியாகவும் கடையில் கிடைக்கிறது, மட்டை விலையோடு ஒப்பிட்டால் இனாமாக. ஒரே ஒரு சிக்கல்: தானே ஒட்டிய ஸ்டிக்கரைத் தானே நம்புவது மனிதனால் ஆகாது. எனவே வீட்டார் ஒருவர் ஆட்டக்காரருக்குத் தெரியாமல் காஷ்மீர் மட்டை ஒன்றை வாங்கி, இரவோடு இரவாக ஸ்டிக்கர் ஒட்டி, காலையில் கையில் கொடுத்து 50,000 ரூபாய் என்று பொய் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் வாங்கிய பொருளின் விலையைக் குறைத்துச் சொல்லும் கலை நன்கு வளர்ந்திருக்கிறது. கூட்டிச் சொல்வதற்குச் சிறிது பழக்கம் வேண்டியிருக்கும்.

"விலை உயர்ந்தது நெடுநாள் உழைக்கும்" எனின், அன்று. முதல் நாளிலேயே துள்ள வேண்டும் என்பதற்காக மரத்தை மென்மையாக அழுத்தி விடுகிறார்கள். மென்மையான மரம் சீக்கிரம் வெடிக்கும். அதனால்தான் வாங்கியதும் ஆளிவிதை எண்ணெய் தடவு, மரச்சுத்தியால் மணிக்கணக்கில் தட்டிப் பதமாக்கு, ஈர மைதானத்தில் இறக்காதே, மலிவுப் பந்தில் ஆடாதே, யார்க்கர் அடிப்பகுதியில் பட்டால் எங்களைக் கேட்காதே என்று ஒரு துண்டுச் சீட்டு கூடவே வருகிறது. விலை ஏற ஏற மட்டை செய்யத்தகாதவற்றின் பட்டியல் நீள்கிறது. வலைப்பயிற்சிக்கு நல்ல மட்டையை எடுக்க மனம் வராமல் பழையதையே எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பயிற்சி பழைய மட்டையில், பிழை புதிய மட்டையில் என்று வேலை பிரிந்துவிடுகிறது. "தட்டிப் பார்த்தால் ஓசை வேறாக இருக்கிறதே" என்பாரும் உளர். கடையில் அவர்கள் மட்டையைக் காதருகே பிடித்துப் பந்தால் தட்டிக் கேட்பது சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போன்றதே. தேங்காய்க்காரரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றுகொண்டிருப்பார். ஓசையில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கூரைக்குக் கீழே, சுவர்களுக்கு நடுவே, யாரும் பந்து வீசாத இடத்தில் எல்லா மட்டையும் நன்றாகவே ஒலிக்கும்.

எஞ்சும் ஒரு மறுப்புக்கு மட்டும் ஆய்வாளரிடம் விடையில்லை. மட்டை யாருடையதோ அவர்தான் முதலில் ஆடுவார் என்பது நம் தெருக்களில் எழுதாச் சட்டம். முதல் பந்தில் அவுட்டானால் அது 'ட்ரையல்'. இரண்டாம் பந்தில் அவுட்டானால் பந்து எழும்பியது. மூன்றாவதில் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் உரிமை அவருக்கு உண்டு, ஆட்டம் அதோடு முடியும் என்பதால் எல்லாரும் நோபால் என்று ஒப்புக்கொள்வார்கள். இந்த உரிமை மட்டையின் விலையோடு கூடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது தெருவில் செல்லும், நடுவர் நிற்கும் மைதானத்தில் செல்லாது. நம் ஆய்வெல்லையோ தோல் பந்தோடு நின்றுவிட்டது. எல்லையை முதலிலேயே வகுத்துக்கொண்டது இதற்காகவும்தான்.

செயல்முறைக்கு வருவோம். புதிய மட்டை வாங்க நினைப்பவர் தம் பழைய மட்டையின் முகத்தை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிவப்புத் தோல் பந்து பட்ட இடத்திலெல்லாம் தழும்பு வைத்திருக்கும்; ஆட்டக்காரர் மறந்த இன்னிங்ஸையும் மரம் மறந்திருக்காது. தழும்புகள் எல்லாம் உள்ளங்கை அளவான ஒரே வட்டாரத்தில், நடுக்கோட்டை ஒட்டிக் குவிந்திருந்தால் அவருக்கு விலை உயர்ந்த மட்டை தேவையில்லை, பழையதே போதும். தழும்புகள் தோளிலும் அடியிலும் இரு விளிம்பிலும் முதுகிலும் சிதறிக் கிடந்தால், அல்லது தழும்பே இல்லாமல் மட்டை புத்தம் புதிதாக இருந்தால், அந்தப் பணத்தைப் பயிற்சியாளரிடம் கொடுப்பது மேல். நடுக்கோட்டிலிருந்து ஒன்றிரண்டு விரற்கடை தள்ளி வரிசையாக விழுந்திருந்தால் மட்டும், விளிம்பு தடித்த, மறு உள்ள, பெரிய பெயர் இல்லாத, 12,000 ரூபாய்க்கு உட்பட்ட இங்கிலீஷ் வில்லோ ஒன்றைக் கேட்டு வாங்கலாம். கடைக்காரர்கள் இந்தச் சோதனையை விரும்புவார்கள் என்று சொல்வதற்கில்லை. பழைய மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைபவரை, உடைந்ததைக் கொடுத்து மாற்று வாங்க வந்தவர் என்று நினைத்து அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். விளக்கிச் சொல்வதற்கு இக்கட்டுரையின் படி ஒன்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது.